முதல் சாவின்போது பிள்ளைகள் பக்கத்தில் நில்லுங்கள்: நர்சிங் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், காலையில் பிள்ளைகளை வரிசையாக வார்டுக்குக் கூட்டி வருகிற கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்களுக்கும் வணக்கம்.

நான் மேற்கு மாவட்டம் ஒன்றில் மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். சர்வீஸ் 23 வருடம். உங்கள் மாணவிகள் வருடா வருடம் எங்களிடம் போஸ்டிங் வருகிறார்கள், நல்ல பிள்ளைகள், பி.பி. பார்ப்பதும் டிரிப்ஸ் போடுவதும் சார்ட் எழுதுவதும் நாங்கள் படித்த காலத்தைவிட நன்றாகவே தெரிந்து வருகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுத வந்தது வேறு ஒன்றைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் மூன்றாம் வருட மாணவி ஒருத்திக்கு, ஈரல் முழுக்கக் கெட்டுக் கடைசி நாட்களில் இருந்த ஒரு பெரியவரைக் கொடுத்திருந்தார்கள். வாய் காய்ந்து நாக்கு வெடித்திருந்தது அவருக்கு. தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தலையை நிமிர்த்திப் பிடித்து ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்று நான்தான் சொன்னேன். இரண்டு ஸ்பூன் கொடுத்தாள், விழுங்கினார். முக்கால் மணி நேரம் கழித்துப் போய்விட்டார். அவள் கூடவே நின்று எல்லா வேலையும் செய்தாள், கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் அவளுடைய ரூம்மேட் வந்து, "அவ சரியா சாப்பிடறதே இல்ல மேடம், நீங்க ஒரு வார்த்தை பேசுங்க" என்றாள். டிரெஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப்போய் என்னம்மா என்று கேட்டேன். அவள் கேட்டது இதுதான்: "மேடம், நான் தண்ணி கொடுத்ததாலதான் அவர் செத்தாரா?"

மூன்று நாள் அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வகுப்புக்குப் போயிருக்கிறாள், வார்டுக்கு வந்திருக்கிறாள், ரெக்கார்டு எழுதியிருக்கிறாள். 20 வயது.

இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் வாயிலிருந்து நான் வேறு வேறு வடிவத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். நான் திருப்பிப் படுக்க வைத்ததாலா மேடம், நான் வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்ததாலா, சக்‌ஷன் போட்டதாலா. யோசித்துப் பாருங்கள், சாகப்போகிற ஒருவரைக் கடைசியாகத் தொடுகிற கை யாருடையதாவது இருந்துதான் ஆகவேண்டும். டிரிப்ஸ், ஊசி, ஃபைல், ஃபோன் என்று ஸ்டாஃப் நர்சுகள் ஓடிக்கொண்டிருக்க, வாய் துடைப்பது, உடம்பு துடைப்பது, திருப்பிப் போடுவது, தண்ணி கொடுப்பது எல்லாம் மாணவிகள் தலையில்தான் விழுகிறது. அதனால் அந்தக் கடைசிக் கை பெரும்பாலும் உங்கள் பிள்ளையின் கையாக இருக்கிறது. இதை யாரும் அவளிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. என் வருத்தம் முழுவதும் இதுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் வருடம் படித்தபோது எனக்கு 18 முடிந்து சில மாதம்தான். ஒரு பாட்டி, கர்ப்பப்பைப் புற்றுநோய், என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடும். நான்கு நாள் நான்தான் குளிப்பாட்டினேன், தலை சீவினேன். ஐந்தாம் நாள் மூச்சு மாறியது. வேகமாக வாங்கும், அப்புறம் குறையும், அப்புறம் நின்றுவிடும், நான் எண்ணுவேன், பத்து, பதினைந்து, இருபது, திரும்பவும் ஒரு பெருமூச்சோடு ஆரம்பிக்கும். ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னேன். "அது அப்படித்தாம்மா போகும், நீ போய் காஸ் மடி" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அன்று 40 பேஷண்டுக்கு அவர் ஒருத்தர். நான் போய் காஸ் துணியை, புண்ணுக்குக் கட்டுகிற துணியை, மடித்தேன். மடித்துக்கொண்டிருந்தபோது பாட்டி போய்விட்டது. பிறகு அட்டெண்டர் அக்காவோடு சேர்ந்து என்னை உடம்பைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள், அதுவரை நான் அதைப் பார்த்ததுகூட இல்லை. மதியம் மெஸ்ஸில் சாம்பார் சாதம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்துவது பாட்டி செத்தது இல்லை, அது சாகப்போகிறவர்தான் என்று எனக்குத் தெரியும். அந்த அரை மணி நேரம் நான் பக்கத்தில் உட்காராமல் போனதுதான்.

பாடத்தில் எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நர்சிங் ஃபவுண்டேஷனிலேயே மரணமும் துக்கமும் பற்றிய பகுதி இருக்கிறது. 2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி. பாடத்திட்டத்தை செமஸ்டர் முறைக்கு மாற்றியபோது பாலியேட்டிவ் கேர், அதாவது தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் பராமரிப்பு, பற்றிய மாட்யூல் ஒன்றைக் கட்டாயமாகவே சேர்த்தது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் வார்டுக்கு வருகிற பிள்ளையிடம் நான் பார்ப்பது என்ன? சாகப்போகிறவர் மனசு கடக்கும் ஐந்து நிலைகளை மனப்பாடமாகச் சொல்கிறாள், மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. பேஷண்ட் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டால் "ஆங்கர் ஸ்டேஜ் மேடம்" என்று கேர் பிளானில் எழுதுகிறாள். அவருக்கு அன்றைக்கு வலி, அவ்வளவுதான். வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஐந்து நிலைகள் எங்கிருந்து வந்தன என்பதைத் தயவுசெய்து வகுப்பில் சொல்லுங்கள். 1965-இல் சிகாகோவில் இறையியல் படித்துக்கொண்டிருந்த நான்கு மாணவர்கள், மரணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸிடம் போனார்கள். சாகப்போகிறவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றார் அவர். ஆஸ்பத்திரி டாக்டர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, நோயாளிகளைத் தொந்தரவு செய்வதாகச் சொன்னார்கள். ஆனாலும் அவர் நோயாளிகளைத் தேடிப்போய் உட்கார்ந்து பேசினார், மாணவர்கள் கேட்டார்கள், அந்த உரையாடல்களிலிருந்துதான் 1969-இல் அவருடைய புத்தகம் வந்தது. மாணவர்கள் சாகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதால் கிடைத்த ஒன்றைத்தான் நாம் இன்று பத்து மார்க் கேள்வியாக்கி, பக்கத்தில் உட்காராமலேயே எழுத வைக்கிறோம். இந்த நிலைகள் எல்லோருக்கும் வரிசையாக வரும் என்று தான் சொல்லவில்லை என அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். முதலில், உடம்பு எப்படி அடங்கும் என்பதை நேராக, பயமில்லாமல், அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். கிராமத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு "மேல்மூச்சு வாங்குது" என்றால் என்ன என்று தெரியும், "இழுத்துக்கிட்டு கிடக்கு" என்றால் தெரியும், தன் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அப்படி இருந்தபோது வீட்டில் எல்லோரும் ஓடவில்லை, தலைமாட்டில் உட்கார்ந்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள், வெளியூர்க்காரர்களுக்குத் தகவல் சொன்னார்கள் என்பதும் தெரியும். நம்மிடம் வந்த பிறகுதான் அதை மறக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஓடவேண்டும், ஏதாவது செய்துகொண்டே இருக்கவேண்டும், சும்மா உட்கார்ந்தால் திட்டு விழும் என்று கற்றுக்கொள்கிறாள். செயின்-ஸ்டோக்ஸ் என்று படித்தது அந்த மேல்மூச்சுதான் என்று ஒரு வாக்கியத்தில் இணைத்துக் காட்டிவிட்டால் போதும், அவளுக்கு வீட்டில் தெரிந்த தைரியம் வார்டிலும் வந்துவிடும்.

தொண்டையில் கரகர சத்தம் வரும். குடும்பம் பதறும், சளியை எடுத்துவிடுங்க சிஸ்டர் என்று கெஞ்சும், பிள்ளை திரும்பத் திரும்பச் சக்‌ஷன் குழாயை விடுவாள், அதில் அந்த ஆளுக்குத் துன்பம்தான் மிச்சம். ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பாதி குறையும், டாக்டரிடம் சொல்லிச் சுரப்பைக் குறைக்கும் ஊசி கேட்கலாம், பெரும்பாலும் அந்த நேரத்தில் அந்தச் சத்தம் கேட்கிற நமக்குத்தான் கஷ்டம், அவருக்கு நினைவே இருக்காது என்று குடும்பத்திடம் சொல்லலாம். கால் சில்லிடும், முட்டியில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாக வரும், யூரின் குறையும், போர்வையைப் பிய்த்துப் பிய்த்து இழுப்பார்கள். இறந்துபோன அம்மா வந்து நிற்கிறாள் என்பார்கள். இந்தக் கடைசி விஷயத்துக்கு மாணவிகள் ரொம்பப் பயப்படுகிறார்கள், நைட் டியூட்டியில் அந்தப் பெட் பக்கமே போகமாட்டார்கள். இது நிறையப் பேருக்கு வருவதுதான், அவர் பயப்படாவிட்டால் நீயும் பயப்படவேண்டாம், அம்மா என்ன சொல்றாங்க என்று கேள் என்று முன்னாலேயே ஒரு ஆசிரியர் சொல்லி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கடைசிவரை காது கேட்கும் என்று நாங்கள் பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். 2020-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் கடைசி மணி நேரங்களில் இருந்த சிலருடைய மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, நினைவில்லாத நிலையிலும் சத்தத்துக்கு மூளை பதில் தருவது தெரிந்தது. அதனால் பெட்டுக்கு மேலே நின்று "இன்னிக்கு நைட் தாண்டாது" என்று பேசக்கூடாது. இதை மாணவிகளிடம் சொல்லும்போது ஸ்டாஃப் நர்சுகளான எங்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள், நாங்களும் செய்கிற தப்புதான்.

அடுத்து, பால். உங்கள் பாடப்புத்தகங்களில் நான் தேடினவரை இது இல்லை, ஆனால் எங்கள் வார்டில் வாராவாரம் நடக்கிறது. மூச்சு மாறிவிட்டது என்று தெரிந்ததும் ஒவ்வொரு சொந்தமாக வந்து ஸ்பூனில் பால் ஊற்றுவார்கள். விழுங்க முடியாதவர் வாயில் பால் போனால் புரையேறும், அது நமக்குத் தெரியும். அதனால் புதுப்பிள்ளை என்ன செய்வாள்? "கூடாது, வெளிய போங்க" என்பாள். பாட நூல்படி சரிதான். ஆனால் தன் தகப்பனுக்குக் கடைசிப் பால் ஊற்ற விடாத ஆஸ்பத்திரி என்று அந்த மகன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பான். நான் பஞ்சைப் பாலில் நனைத்து, பிழிந்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து உதட்டில் தொட வைக்கிறேன். ஒருத்தர் பின் ஒருத்தராக, அவசரமில்லாமல். எல்லோரும் ஊற்றியதாகத்தான் நினைக்கிறார்கள், அவருக்கும் வாய் ஈரமாகிறது. கங்கைத் தண்ணீரும் துளசியும் அப்படித்தான், ஜம்ஜம் தண்ணீரும் அப்படித்தான். முஸ்லிம் குடும்பம் மக்கா இருக்கும் கிப்லா பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும் என்றால் கட்டிலைத் திருப்பிப் போட ஐந்து நிமிடம் ஆகும், குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுவதற்கு ஒரு ஸ்டூல் போதும். ஃபாதர் வந்து நோயில் பூசுதல் கொடுக்கும்போது ஸ்கிரீனை இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் பி.பி. பார்க்காமல் இருக்கலாம். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை, ஆனால் யாராவது ஒருமுறை செய்து காட்டினால்தான் 20 வயசுப் பிள்ளைக்கு வரும்.

பேச்சு. இதுதான் அவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். "அப்பாகிட்ட என்ன வியாதின்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று பிள்ளைகள் வராந்தாவில் கையெடுத்துக் கும்பிடுவார்கள். உள்ளே போனால் அந்த அப்பா, எல்லோரையும் விட்டுவிட்டு, இளம் பெண்ணாக நிற்கிற மாணவியைப் பார்த்து, "எனக்கு என்ன பாப்பா? பொழச்சுக்குவேனா?" என்று கேட்பார். டாக்டரிடம் கேட்கமாட்டார், என்னிடம் கேட்கமாட்டார், அவளிடம்தான் கேட்பார். அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "ஒண்ணும் இல்ல தாத்தா, சீக்கிரம் சரியாகிடும்." சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள். பொய் சொன்ன குற்ற உணர்ச்சியில் மறுநாள் அந்தப் பெட்டுக்கே போகமாட்டாள்.

கெட்ட செய்தியைச் சொல்லும் முறைகள் பற்றி நீங்கள் இங்கிலீஷில் படிகள் நடத்துகிறீர்கள், ஆனால் தாத்தா கேட்பது தமிழில். அதனால் தமிழில் வாக்கியங்களை வகுப்பில் வாய்விட்டுப் பழக்குங்கள், மேனிகின் பொம்மையில் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆர். பழக்குவது போலவே. "உங்களுக்கு என்ன தோணுது தாத்தா?" என்று திருப்பிக் கேட்கலாம். "எதை நெனச்சா பயமா இருக்கு?" என்று கேட்கலாம். "எனக்கு அவ்வளவு தெரியாது தாத்தா, டாக்டர்கிட்ட நானே சொல்லி வரச் சொல்றேன், அவர் வரும்போது நானும் கூட நிக்கறேன்" என்று சொல்லலாம். ஒன்றும் வரவில்லையென்றால் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால் போதும். ஒருவர் பேஷண்டாகவும் ஒருவர் மகனாகவும் ஒருவர் நர்சாகவும் இருந்து பத்து தடவை பேசிப் பார்க்கட்டும். முதல் இரண்டு தடவை சிரிப்பார்கள். மூன்றாம் தடவை யாராவது ஒருத்தி தன் சொந்த அப்பாவை நினைத்து அழுவாள். அங்கிருந்துதான் அந்த வகுப்பு ஆரம்பிக்கும்.

பக்கத்துப் பெட்டையும் மறக்காதீர்கள். ஜெனரல் வார்டில் ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். விடிந்ததும் "அடுத்தது நானா சிஸ்டர்?" என்பார். அவரிடமும் போய் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும்.

மார்ஃபின் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அந்த "நான் கொடுத்த மாத்திரையாலா" என்ற கேள்வி இதில்தான் அதிகம் வருகிறது. 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் கிடைப்பதே பெரிய பாடாக இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி லைசென்ஸ் முறையை எளிமையாக்கினார்கள். இன்னும் பல வார்டுகளில் பயம் போகவில்லை, பயம் மாணவிக்கும் தொற்றுகிறது. நான்கு மணிக்கொருமுறை கொடுக்க வேண்டிய மாத்திரையை "தூங்குறாரு, எழுப்ப வேணாம்" என்று தள்ளிப்போட்டு, அவர் வலியில் கத்தி எழும்போது அலறிக்கொண்டு வருவார்கள். வலி வந்த பிறகு துரத்துவது இல்லை, கடிகாரம் பார்த்துக் கொடுப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. வலிக்கு ஏற்றபடி சிறிய அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டி வாய்வழியாகக் கொடுக்கிற மார்ஃபின் மூச்சை நிறுத்துவது அரிது என்பதையும், ஆனால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், கூடவே மலத்தை இளக்கும் மருந்து எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நர்சின் வேலை என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். வலியை மாத்திரை மட்டும் தீர்க்காது என்பதையும். லண்டனில் 1967-இல், கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்சாக இருந்தவர், அப்புறம்தான் டாக்டர். உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த முழு வலி என்று அவர் சொன்னதை எங்கள் வார்டில் தினம் பார்க்கலாம். மகளுக்குக் கல்யாணம் முடியவில்லை என்று புரளும் தகப்பனுக்கு எத்தனை மில்லிகிராம் கொடுப்பீர்கள்?

இன்னொன்று, சி.பி.ஆர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த உடம்பில், கேட்க நேரமில்லாததால், மாணவியை ஸ்டூல் மேல் ஏற்றி நெஞ்சை அழுத்தச் சொல்கிறோம். விலா எலும்பு முறிகிற சத்தத்தை அவள் கையில் உணர்கிறாள். கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதிதான் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 ஜனவரியில் அதற்கான நடைமுறைகளைக் கொஞ்சம் எளிதாக்கியது. சி.பி.ஆர். வேண்டாம் என்று முடிவெடுப்பது எப்படி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வழிகாட்டி வெளியிட்டது. முடிவு டாக்டரும் குடும்பமும் எடுப்பது, நாம் இல்லை. ஆனால் அப்படி எழுதின ஃபைலைப் பார்த்ததும் அந்தப் பெட்டையே ரவுண்ட்ஸில் தாண்டிப் போகிற பழக்கம் வந்துவிடுகிறது பாருங்கள், அதைத்தான் மாணவி கவனிக்கிறாள். நெஞ்சை அழுத்த வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறது. வாயைத் துடைக்க வேண்டாம் என்றோ திருப்பிப் போட வேண்டாம் என்றோ எழுதவில்லை.

மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற நம் தொழில்காரப் பெண் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்து, 2015 மே மாதம் இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். தலைமுறை தலைமுறையாக நர்சுகள்தான் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருடப் படுக்கையிலும் படுக்கைப் புண் இல்லை என்பதை 2011-இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் பதிவு செய்தது. விளக்கேற்றும் விழாவில் நைட்டிங்கேல் கதை சொல்கிறீர்கள், இதையும் சொல்லுங்கள்.

இறந்த பிறகு செய்யும் வேலையை மட்டும் எப்படியோ ப்ரொசீஜராகச் சேர்த்துவிட்டோம். சேர்த்தது நல்லது, ஆனால் முதல்முறை செய்யும்போது மேடம் யாராவது கூட இருங்கள். நான் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் பெயர் சொல்லிப் பேசச் சொல்வேன், "அம்மா, முகம் துடைக்கிறேன்", "இப்ப கையை மடக்குறேன்" என்று. ஐந்து நிமிடம் முன்பு அம்மாவாக இருந்தவர் டாக்டர் வந்து பார்த்ததும் "பாடி" ஆகிவிட வேண்டியதில்லை. தாடைக் கட்டும் கால் விரல் கட்டும் போடும் முன் குடும்பத்தில் ஒருவர் செய்ய விரும்புகிறாரா என்று கேட்க வேண்டும். தோடு, மூக்குத்தி, மெட்டி எதையும் சொந்தக்காரர் இல்லாமல் கழற்றக்கூடாது, கழற்றினால் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தாலியில் கையே வைக்கக்கூடாது, அது அவர்கள் வீட்டு முறை. இதில் ஒரு தப்பு நடந்து போலீஸ்வரை போனதைப் பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்டது ஒரு மாணவி.

அப்புறம் நான் கேட்கிற முக்கியமான விஷயம், அந்தப் பத்து நிமிடம். ஒரு மாணவியின் பேஷண்ட் இறந்தால், அன்றைக்கே, ஷிஃப்ட் முடிவதற்குள், ஒரு ஆசிரியர் அவளைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என்ன நடந்தது சொல்லு என்று கேளுங்கள். என்ன செய்தாய், எதைப் பார்த்தாய், எது மனசில் நிற்கிறது. அட்வைஸ் வேண்டாம். "நீ கொடுத்த தண்ணியால் அவர் சாகவில்லை, தாகத்தோடு போகாமல் இருந்தார்" என்று ஒரு வரி சொன்னால் போதும். நான் அந்தப் பெண்ணிடம் அதைத்தான் சொன்னேன், மூன்று நாள் தாமதமாக. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், அது என் மேலும் தப்பு.

ஆண் பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். இப்போது நர்சிங்கில் நிறையப் பையன்கள். சாவு நடந்தால் தூக்க, இறக்க, மார்ச்சுவரிக்குத் தள்ளிக்கொண்டு போக அவர்களைத்தான் கூப்பிடுகிறோம், பையன்தானே, தாங்குவான் என்று. ஒரு பையன் ஒரே வாரத்தில் நான்கு பேரைக் கொண்டு போனான். ஐந்தாம் முறை கூப்பிட்டபோது துணி வைக்கிற லினன் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, மணிக்கணக்கு நிரம்பி வழிகிறது என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அறுபது பிள்ளைகளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டராக நீங்கள் படுகிற பாடும் தெரியும். புதுப் பாடம் எதுவும் நான் கேட்கவில்லை. ஏற்கனவே இருக்கிற மாட்யூலில் பாதியை வகுப்பறையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் நோய் ஆதரவு (பாலியேட்டிவ்) நர்சுகள் வண்டியில் வீடு வீடாகப் போகிறார்கள், புண் கட்டுகிறார்கள், டியூப் மாற்றுகிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் குடும்பத்தோடு பேசுகிறார்கள். கம்யூனிட்டி போஸ்டிங்கில் ஒவ்வொரு மாணவியையும் இரண்டு நாளாவது அந்த வண்டியில் ஏற்றி அனுப்ப அனுமதி கேளுங்கள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவரை, பேரன் பேத்தி சுற்றி ஓடும் வீட்டில் பார்த்தால்தான், "வீட்டுக்கே கொண்டு போயிடறோம் சிஸ்டர்" என்று குடும்பம் ஏன் சொல்கிறது என்று அவளுக்குப் புரியும், போகிறவர்களிடம் மாத்திரை, திருப்பிப் படுக்க வைக்கும் முறை, ராத்திரியில் மூச்சு மாறினால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லி அனுப்பவும் தோன்றும். பக்கத்துக் கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் சின்னதாக ஆரம்பித்த பாலியேட்டிவ் கேர் 2008-இல் மாநிலக் கொள்கையாகி இன்று ஊராட்சிகள் வழியாக நர்சுகள் வீட்டுக்குப் போகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு ஒரு மணி நேரம்தானே, கல்லூரி டூருக்கு ஊட்டி போகிற பஸ் ஒருமுறை அந்தப் பக்கம் போகட்டும்.

உங்களிடமிருந்து எங்களுக்கு ஒரு உதவி. போஸ்டிங் லிஸ்ட் அனுப்பும்போது பெயர், ரோல் நம்பர், வருடம் என்று எழுதுகிறீர்கள். பக்கத்தில் ஒரு கட்டம் கூடப் போடுங்கள், இந்தப் பிள்ளை இதுவரை ஒரு சாவைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாளா இல்லையா என்று. வீட்டில் சமீபத்தில் யாராவது இறந்திருந்தால் அதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அப்பா போய் இரண்டு மாதமான பெண்ணை நான் தெரியாமல் கடைசி மூச்சில் இருந்தவர் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். இல்லை என்று போட்டிருக்கிற பிள்ளைகளை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன். மூச்சு மாறும்போது அவளைக் காஸ் மடிக்க அனுப்பமாட்டேன். ஒரு ஸ்டூல் எனக்கு, ஒரு ஸ்டூல் அவளுக்கு.

அடுத்த பேட்ச் எப்போது வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மெடிக்கல் வார்டிலிருந்து ஒரு சிஸ்டர்